புலிக்குத் தெரியாத வேட்டை

சென்ற மாதம் ஒரு வாசகர் கடிதம். சென்னையில் வேலை பார்க்கிறார். ஏற்காடு அடிவாரத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். மரவள்ளி போட்டிருக்கிறார்கள். ராத்திரியில் முள்ளம்பன்றி வந்து செடி செடியாகத் தோண்டி, கிழங்கைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகிறதாம். தின்பது கொஞ்சம், பாழாக்குவது நிறைய. 'நீங்கதான் வேட்டைப் புஸ்தகமா படிச்சுத் தள்றீங்களே சார், முள்ளம்பன்றியைச் சட்டத்துக்கு உட்பட்டு, ஆபத்தில்லாம வேட்டையாட வழி உண்டா? அப்படிச் சொல்ற புஸ்தகம் ஏதாவது இருந்தா பேர் சொல்லுங்க' என்று கேட்டிருந்தார்.

இரண்டு நிபந்தனை போடுகிறார், கவனியுங்கள். சட்டப்படி இருக்க வேண்டும். ஆபத்தில்லாமல் இருக்க வேண்டும். வேட்டை இலக்கியத்தைப் பொறுத்தவரை இது விவகாரமான கேள்வி. ஆபத்து இல்லாவிட்டால் அந்தப் புத்தகத்தை யார் வாங்குவார்கள்? சட்டம் என்ற சங்கதி அநேகமாக முன்னுரையில் தலைகாட்டிவிட்டு ஓடிவிடும். இருந்தாலும் அவருடைய கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து ஜிம் கார்பெட்டை மறுபடி இறக்கினேன். இந்த முறை புலிகளை விட்டுவிட்டு முள்ளம்பன்றி வரும் பக்கங்களை மட்டும் தேடிப் படித்தேன். நீங்களும் ஒருமுறை அப்படிப் படித்துப் பாருங்கள். அதே புத்தகம் வேறு புத்தகமாகிவிடுகிறது.

கார்பெட்டைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1875-ல் நைனிடாலில் பிறந்தவர், 1955-ல் கென்யாவில் இறந்தவர். 1944-ல் வந்த அவருடைய முதல் புத்தகத்தைத் தி.ஜ.ர. 'குமாயுன் புலிகள்' என்று தமிழாக்கினார். அந்தப் புத்தகத்தில் மோகன் என்ற ஊரின் ஆட்கொல்லிப் புலியைப் பற்றி ஒரு கதை உண்டு. அதில் பெரும்பாலோர் ஞாபகம் வைத்திருப்பது ஒன்றே ஒன்றைத்தான்: கார்பெட் அந்தப் புலியைச் சுட்டபோது அது தூங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிற மிருகத்தைச் சுடலாமா, அது தர்மமா என்று அவரே தன்னைக் கூண்டில் ஏற்றி, தானே வக்கீலாக நின்று வாதாடுவார். படித்தவர்களும் அந்தக் கேஸைத்தான் பேசுவார்கள்.

ஆனால் அந்தக் கதையின் நிஜமான விஷயம், தோலுரிக்கிற இடத்தில் இருக்கிறது. புலியின் முன்னங்காலில் முள்ளம்பன்றி முட்கள். அதை ஒட்டி கார்பெட் ஒரு கணக்குச் சொல்கிறார். தான் சுட்ட ஆட்கொல்லிப் புலிகளின் உடம்பிலிருந்து ஏறக்குறைய 200 முட்களைப் பிடுங்கியிருப்பாராம். பல முட்கள் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளம், பென்சில் தடிமன். தசைக்குள் இறங்கியவை, எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் சிக்கிக்கொண்டவை. எல்லாமே தோலுக்குக் கீழே முறிந்துபோனவை. அதாவது வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே இருக்கும்.

அடுத்து அவர் கேட்பது நம் வாசகர் கேட்ட அதே கேள்வி. சிறுத்தையும் கிட்டத்தட்ட புலி அளவுக்கு முள்ளம்பன்றியைக் கொல்கிறது. ஆனால் சிறுத்தை உடம்பில் முள் இருப்பதில்லை. காரணம், அது முள்ளம்பன்றியைத் தலையில் பிடிக்கிறது, அதை நானே பார்த்திருக்கிறேன் என்கிறார். இவ்வளவு வெளிப்படையான, பாதுகாப்பான முறை இருக்கும்போது புலி ஏன் அதைக் கற்றுக்கொள்ளவில்லை? கார்பெட்டுக்குத் தெரியவில்லை. எனக்கு இது ஒரு புதிர்தான் என்று ஒப்புக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். காட்டில் ஒரு புல் சாய்ந்திருந்தால் அதை வைத்து முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் யார் போனது என்று சொல்கிற மனிதர் அவர். அவரே கையை விரிக்கிற இடங்கள் அவருடைய புத்தகங்களில் அபூர்வம். ஆக, முள்ளம்பன்றியைப் பாதுகாப்பாக வேட்டையாடுவது எப்படி என்பது புலிக்கே தெரியாத வித்தை.

இங்கே முள்ளம்பன்றியைப் பற்றி இரண்டு வார்த்தை. அது முள்ளை எய்வதில்லை. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து இந்தக் கதை ஓடுகிறது. ரோமாபுரியின் பிளினியும் எழுதி வைத்தார். தமிழிலோ அந்தப் பிராணியின் பழைய பெயரே 'எய்', 'எய்ப்பன்றி'. அம்பு எய்வதற்கும் இந்தப் பெயருக்கும் இலக்கணப்படி உறவு உண்டோ இல்லையோ, காதில் விழும்போது உண்டு. உண்மையில் நடப்பது வேறு. மிரண்டால் முள்ளைச் சிலிர்த்து, வாலில் இருக்கும் பொள்ளல் முட்களைக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டி, தரையைக் காலால் தட்டி எச்சரிக்கும். அப்புறமும் போகாதவர் மேல் பின்புறமாகவே பாயும். ரிவர்ஸ் கியர் போட்ட லாரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பதினைந்து கிலோ இருக்கும் பிராணி. முள் தோலில் தளர்வாகத்தான் ஒட்டியிருக்கிறது. எதிராளி உடம்பில் குத்தியதும் கழன்று அங்கேயே தங்கிவிடும். துரத்துகிறவன் பின்னால்தானே வருவான்? அவனுக்குத்தான் குத்து. தலைப் பக்கத்தில் முள் இல்லை. சிறுத்தை அதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

முள்ளம்பன்றி வேட்டையின் முழு விலையையும் கார்பெட் எழுதியது இந்தக் கதையில் அல்ல. பத்து வருஷம் கழித்து 1954-ல், 'டெம்பிள் டைகர்' தொகுப்பில் வந்த முக்தேசர் ஆட்கொல்லியின் கதையில். கதை என்றுகூடச் சொல்ல முடியாது, முதலில் வரும் இரண்டு மூன்று பத்திகள்தான். வேட்டை இலக்கியத்தில் இதைவிடச் சிறப்பாக எழுதப்பட்ட பக்கத்தை நான் படித்ததில்லை. அதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

ஒப்பிட்டால் இளம் புலிதான், பெண். முள்ளம்பன்றியோடு மோதியதில் ஒரு கண் போயிற்று. முன்னங்காலிலும் பாதத்தின் அடியிலும் சுமார் 50 முட்கள். ஒரு அங்குலத்திலிருந்து ஒன்பது அங்குலம் வரை. சில முட்கள் எலும்பில் மோதி, போகிற வழி தெரியாமல் கொண்டை ஊசி மாதிரி மடங்கித் திரும்பியிருந்தன. பல்லால் பிடுங்கப் பார்த்த இடமெல்லாம் சீழ். நடக்க முடியாமல், பட்டினியாக, அடர்ந்த புல்லுக்குள் படுத்துப் புண்ணை நக்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் புல்லைத்தான் ஒரு பெண் தன் மாட்டுக்காக அறுக்க வருகிறாள். முதலில் புலி கண்டுகொள்ளவில்லை. அவள் அறுத்து அறுத்துப் பக்கத்தில் வந்துவிட்டாள். ஒரே அடி. மண்டை நொறுங்கிவிட்டது. மறுநாள் ஆட்கள் வந்து பார்க்கும்போது அவள் ஒரு கையில் அரிவாளைப் பிடித்தபடி, இன்னொரு கையில் அறுக்கப்போன புல் கொத்தைப் பிடித்தபடி கிடந்தாள். புலி அவளைத் தின்னவில்லை. அப்படியே விட்டுவிட்டு நொண்டிக்கொண்டு ஒரு மைலுக்கு மேல் போய், விழுந்து கிடந்த மரத்துக்கு அடியில் ஒரு பள்ளத்தில் ஒண்டிக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து அதே மரத்தில் விறகு வெட்ட ஒருவன் வந்தான். அவனையும் அடித்தது. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்துகொண்டிருந்தவனின் முதுகில் நகம் பட்டு ரத்தம் வழிந்தது. அந்தக் காட்சிதான் காரணமோ என்று கார்பெட் யோசிக்கிறார். போவதற்கு முன் முதுகில் கொஞ்சம் தின்றுவிட்டுப் போனது. மறுநாள் மூன்றாவது ஆள். இந்த முறை யாரும் அதன் பக்கத்தில் போகவில்லை, அது தானாகத் தேடிக்கொண்டு போனது. கடைசியில் கணக்கு 24 உயிர்.

எப்படி எழுதியிருக்கிறார் பாருங்கள். 'கொடூரம்', 'ரத்தவெறி' எதுவும் இல்லை. புல், அரிவாள், கழற்றி வைத்த சட்டை. முதல் சாவு தற்காப்பு. இரண்டாவது சாவு பாதித் தற்காப்பு, பாதிப் பசி. மூன்றாவதுதான் வேட்டை. ஒரு மிருகம் எந்த இடத்தில் கோட்டைத் தாண்டியது என்று மூன்றே படியில் காட்டிவிடுகிறார். நம் ஊரில் ஒரு கொலைகாரனின் வாழ்க்கையை முந்நூறு பக்கம் எழுதுகிறார்கள், இந்தத் தெளிவு வருவதில்லை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்தப் புல் கொத்து. அந்தப் பெண்ணுக்கும் முள்ளம்பன்றிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவள் அதைப் பார்த்திருக்கக்கூட மாட்டாள். எங்கோ, என்றோ ஒரு ராத்திரி நடந்த வேட்டைக்கு அவள் விலை கொடுத்தாள். யாரைக் குறிவைத்தது, யார் மேல் பட்டது என்ற இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அளக்கத் தெரிந்தவன்தான் வேட்டையைப் பற்றி எழுதத் தகுந்தவன் என்று எனக்கு ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சிக்கு கார்பெட் முக்கியமான சாட்சி.

குறையும் சொல்லிவிடுகிறேன். முள்ளம்பன்றி கார்பெட்டுக்கு ஒரு காரணம் மட்டுமே. முதல் பாராவில் வந்து முள்ளைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். முள்ளம்பன்றி ஏன் அந்தப் புலிக்கு இரையானது, வேறு இரை கிடைக்கவில்லையா என்று அவர் மேலே தோண்டவில்லை. தன் புதிருக்கு விடைக்கான ஒரு நுனி தன்னிடமே இருந்ததையும் சேர்த்துப் பார்க்கவில்லை. முக்தேசர் புலி இளையது என்று எழுதியவர் அவர்தானே? ஆப்பிரிக்கச் சிங்கங்களுக்கும் முள்ளம்பன்றிகளுக்குமான மோதல்களைத் தொகுத்து 2019-ல் சிகாகோ ஃபீல்ட் மியூசியத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வறட்சியான இடங்களில், வேறு இரை குறைந்த நேரத்தில் சிங்கம் முள்ளம்பன்றியிடம் போகிறது. அதில் அடிபடுவதில் இளம் வயதுச் சிங்கங்கள், முக்கியமாக ஆண்கள், அதிகம் என்பது சாராம்சம். வயசுப் பையன்கள் எங்கேயும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. சிங்கத்துக்குச் சொன்னதை அப்படியே புலிக்கு ஒட்டவைக்கக் கூடாது என்பது வாஸ்தவம். ஆனால் பசியும் அனுபவமின்மையும் என்ற விடை, கார்பெட் எழுதிய பக்கங்களுக்குள்ளேயே இருந்தது.

இந்தக் குறைகூட அவரிடம் சின்னதுதான். அவருக்குப் பின்னால் வந்த கும்பல்தான் பெரிய பிரச்னை. நம் பத்திரிகைகளில் ஒரு காலத்தில் 'வேட்டை அனுபவம்' என்று நிறைய வரும். ஜீப், ஹெட்லைட், தெர்மாஸ் பிளாஸ்க், கூட வந்த நண்பர் நடுங்கியது, ஒரே தோட்டா. அவை கார்பெட்டிடமிருந்து எடுத்துக்கொண்டது துப்பாக்கியை. விட்டுவிட்டது தோலுரிக்கும் கத்தியை. சுட்ட பிறகு அந்த உடம்பில் என்ன இருந்தது, அது ஏன் இப்படி ஆனது என்று பார்க்கிற பழக்கம்தான் கார்பெட்டின் பெருமை. அது தமிழுக்கு வந்து சேரவே இல்லை. அந்தக் கதைகளில் முள்ளம்பன்றி வந்தால் நகைச்சுவைப் பாத்திரமாக வரும். புலி கிடைக்காத ராத்திரியில் சும்மா திரும்ப வேண்டாமே என்று ஒரு டார்ச், ஒரு தடி, இரண்டு நாய். கடைசி வரியில் குழம்பு. கறி ஆஸ்துமாவுக்கு நல்லது என்று போகிறபோக்கில் ஒரு வைத்தியக் குறிப்பு வேறு. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் நல்லது. முள்ளம்பன்றிக் கறிக்கு அப்படி ஒரு சக்தி இருப்பதாக மருத்துவம் நிரூபித்ததில்லை. இந்த ஒற்றை வரிக் குறிப்பை நம்பி எத்தனை வளைகளைத் தோண்டியிருப்பார்கள் என்று நினைத்தால் எழுதியவர்கள் மேல் கோபம்தான் வருகிறது.

குழம்பில் முடிகிற கதையில் நாயின் மூக்கு வருவதில்லை. முள் ஏறிய நாய் என்ன ஆயிற்று? வளைக்குள் புகை போட்டார்கள், சரி. வெளியே வராத முள்ளம்பன்றியைப் பிடிக்க அதே வளைக்குள் தலையை விட்டவன் எதைச் சுவாசித்தான்? ஒரு ஆள் தவழ்ந்து போகிற மண்பொந்து, உள்ளே புகை, திரும்ப இடமில்லை. இதில் தைரியத்துக்கு வேலையே இல்லை. இதை எழுதினால் குழம்பு ருசிக்காது என்று விட்டுவிட்டார்கள்.

வாசகரின் முதல் நிபந்தனைக்கு வருகிறேன். சட்டம். அதையும் ஒரு பிரதியாகப் படிக்கலாம் என்பது என் அபிப்பிராயம், விமர்சகனுக்கு இந்தச் சலுகையாவது வேண்டாமா? 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. கொல்வது, விஷம் வைப்பது, சுருக்கு வைப்பது, பொறி வைப்பது, பிடிப்பது, இவற்றுக்காக விரட்டுவது, இவை எல்லாவற்றுக்குமான முயற்சி, காயப்படுத்துவது, உடம்பின் ஒரு பாகத்தை எடுப்பது. அவ்வளவும் வேட்டை. எத்தனை வினைச்சொல் பாருங்கள்! நம் வேட்டைக் கதைக்காரர்களிடம் 'சுட்டேன்' என்ற ஒன்றுதான் இருந்தது. சட்டம் எழுதிய குமாஸ்தாவுக்கு வேட்டை என்றால் என்ன என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. கம்பியைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறவனும் வேட்டைக்காரன்தான் என்று அவர் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்.

லைசென்ஸ் வாங்கி வேட்டையாடும் ஏற்பாடு இந்தச் சட்டத்திலேயே முதலில் இருந்தது. 1991 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பொழுதுபோக்குக்காகவோ கறிக்காகவோ முள்ளம்பன்றியைச் சட்டப்படி வேட்டையாட வழியே கிடையாது. மனித உயிருக்கோ, சில அட்டவணை விலங்குகள் விஷயத்தில் நிற்கும் பயிருக்கோ ஆபத்து என்றால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ காரணத்தை எழுதி, எழுத்தில் அனுமதி கொடுக்கலாம் என்று ஒரு பிரிவு உண்டு. எந்த விலங்கு எந்த அட்டவணை என்பதைப் பொறுத்து அது மாறும். 2022 திருத்தத்தில் அட்டவணைகளையே மாற்றி எழுதினார்கள். அதனால் பழைய கையேட்டை வைத்துக்கொண்டு ஊரில் யாராவது 'அதெல்லாம் ஒண்ணும் ஆவாது' என்றால் நம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிகளைப் பற்றி அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம் என்று. அதைப் படித்துவிட்டு, பேரில் 'பன்றி' இருப்பதால் முள்ளம்பன்றிக்கும் பொருந்தும் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. அது பன்றி அல்ல, எலிக்கும் அணிலுக்கும் உறவுக்காரக் கொறிவிலங்கு. அப்புறம், சுடலாம் என்று சொன்னது வனத்துறைக்கு, நமக்கு அல்ல.

ஆகவே கடிதம் எழுதிய தம்பிக்கு: அப்படி ஒரு புத்தகம் இல்லை. வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். வரப்பு ஓரமாக வலுவான கம்பி வலை அடித்து, அதன் கீழ்ப்பகுதியை மண்ணுக்குள் நன்றாக இறக்குங்கள். அது தோண்டுகிற பிராணி, தரையோடு நிற்கிற வேலி அதற்கு வேலியே இல்லை. செலவு பிடிக்கும், தெரியும். மரவள்ளி விலை போகிற போக்கில் இந்த யோசனை சொல்வது எனக்குச் சுலபம், செய்வது உங்கள் அப்பாவுக்குக் கஷ்டம். அந்த நஷ்டம் நிஜம். காட்டோர விவசாயி ராத்திரி கண் விழித்துக் காப்பாற்றும் பயிரைத்தான் நகரத்தில் நாம் சிப்ஸாகக் கொறிக்கிறோம் என்பதை மறந்துவிட்டு 'ஐயோ பாவம் பிராணி' என்று எழுதுகிற கட்டுரைகளும் எனக்கு ஒவ்வாது.

ஆனால் சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்குப் போடுகிற யோசனையை யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பயந்து சொல்லவில்லை. சுருக்குக்கு முள்ளம்பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பியில் சிறுத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு கிடப்பதை எத்தனை முறை செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். பழத்துக்குள் வைக்கிற அவுட்டுக்காய்க்கும் அதே குருட்டுத்தனம். 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காட்டில், வாய் கிழிந்து ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்துப்போன கர்ப்பிணி யானை ஞாபகம் இருக்கிறதா? பயிருக்கு வரும் பன்றிக்காக வைத்த வெடி அது என்றுதான் சொன்னார்கள். மின்சாரத்தை வேலியில் கொடுக்கிறவர்கள் கதை இன்னும் மோசம். விடிகாலையில் தண்ணீர் கட்டப் போன பக்கத்துக் காட்டுக்காரர்தான் அதில் முதலில் கை வைப்பார். முக்தேசரில் புல் அறுத்தவள் போலத்தான் அவரும்.

குறிவைக்கப்படாதவரை நினைத்துப் பார்த்த ஒரு புத்தகம் தமிழில் உண்டு. வேட்டைப் புத்தகம் இல்லை, சங்கப்பாட்டு. மலைபடுகடாம். பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி, பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் உங்களுக்கு ஒரு சபாஷ். நன்னன் என்ற தலைவனிடம் பரிசு வாங்கிய கூத்தன், எதிரே வரும் இன்னொரு கூத்தனுக்கு மலை வழி சொல்வதுதான் பாட்டு. உ.வே.சா. 1889-ல் பத்துப்பாட்டைப் பதிப்பித்ததிலிருந்து இதை இயற்கை வர்ணனைக்காகப் புகழ்ந்துகொண்டிருக்கிறோம். மலையின் ஓசைகளை யானையின் மதத்துக்கு ஒப்பிட்டான், ஆகா என்று. எனக்கு இது முதலில் ஒரு பாதுகாப்புக் கையேடு.

அதில் ஓர் இடம். அந்த மலையில் தினைப்புனத்தைக் காட்டுப்பன்றி அழிக்கிறது. அதற்கு அஞ்சி, பன்றி நுழையும் வழிதோறும் பெரிய கல்லால் பொறி வைத்திருக்கிறார்கள். அதனால் இருட்டில் அந்த வழியாகப் போகாதீர்கள், தங்கியிருந்து விடிந்த பிறகு போங்கள் என்கிறான் வழி சொல்கிறவன். பொறி வைத்தவனைத் திட்டவில்லை, அவனுடைய தினை அவனுக்கு. பொறியைப் பாராட்டவும் இல்லை. பன்றிக்கு வைத்தது என்றாலும் யாழோடு நடந்து வரும் கூத்தன் தலையிலும் அது விழும் என்று தெரிந்து வைத்திருக்கிறான், அவ்வளவுதான். இதே போல யானையை விரட்டக் கானவர் வீசும் கவண்கல் உங்கள் மேல் படலாம், மரத்தை மறைவாக வைத்துப் போங்கள் என்றும் சொல்கிறான். பயிரைக் காக்கும் வேட்டையில் வழிப்போக்கனின் கதி என்ன என்று யோசித்த இந்த அக்கறை, நம் வேட்டை அனுபவக் கதைகளில் கிடையாது.

இந்தப் பாட்டில் முள்ளம்பன்றி இரண்டு முறை வருகிறது. ஒரு முறை சாப்பாடாக. 'முளவுமா' என்று பெயர். மலைக்குடியிருப்பில் கூத்தர்களுக்குக் கிடைக்கும் விருந்தில் அதன் கொழுத்த இறைச்சியும் உண்டு. சங்க காலத்துக்கு அது சகஜம். ஐங்குறுநூற்றில் ஒரு பாலைப் பாட்டு எயினர்களை, முளவுமாவைச் சாப்பிடுகிறவர்கள் என்றே அடையாளம் சொல்கிறது. நம் குழம்புக் கதைக்காரர்கள் மலைபடுகடாத்தைப் படித்திருந்தால் 'பார்த்தீர்களா, பாரம்பரியம்!' என்று இந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு முறை அது வருவது மலையின் சத்தங்களைச் சொல்லும் இடத்தில். அருவியில் விளையாடும் பெண்களின் சத்தம், யானையைப் பிடிக்கிறவர்களின் சத்தம் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போகிறவர், நடுவில் இரண்டே அடியில் ஒரு சத்தத்தை வைக்கிறார். எய் தாக்கியதால் அடிபட்ட கானவரின் அழுகை. விருந்தில் பரிமாறிய அதே பிராணி. அதே புலவர். கறியையும் சொல்கிறார், அதைக் கொண்டுவரப் போனவன் அழுததையும் சொல்கிறார். கார்பெட் தன் கதையில் புலியின் காலிலிருந்து எடுத்துக் காட்டியதை, இவர் மனிதனின் தொண்டையிலிருந்து கேட்டிருக்கிறார்.

அதற்கு அடுத்த சத்தம் எது என்று பார்க்க வேண்டும். புலி பாய்ந்து கணவன் மார்பில் பட்ட காயம் ஆறுவதற்காக, காவலாகக் கொடிச்சியர் பாடும் பாட்டு. புலிக் காயத்துக்குப் புலவர் 'விழுப்புண்' என்று சொல் கொடுக்கிறார். போரில் மார்பில் வாங்கும் வீரப் புண்ணுக்கு உள்ள அதே சொல். அதற்குக் கூந்தல் அழகான பெண்கள், பாட்டு, மூன்று அடி. பக்கத்திலேயே முள்ளம்பன்றிக் காயம். அதற்குப் பெயர் இல்லை, மருந்து இல்லை, பாட இல்லாளும் இல்லை. அழுகிறவன் ஒருவனா பலரா, முள் எங்கே ஏறியது என்பதும் இல்லை. இரண்டே அடியில் அழுகை கேட்கிறது, உடனே கொடிச்சியரின் பாட்டு ஆரம்பித்துவிடுகிறது.